ஜோக்கரை ஏன் கொல்லவில்லை? பேட்மேனின் விதியும் கொன்றவர்களின் கணக்கும்

மசிப்புட்டி:

பழைய பஞ்சாயத்துதான். இந்தத் தடவை கொஞ்சம் கறாராகப் பேசலாமா?

பேட்மேனின் பரம எதிரி ஜோக்கர் பிடிபடுகிறான், ஆர்க்கம் மனநலக் காப்பகத்தில் அடைக்கிறார்கள், தப்பிக்கிறான், பத்துப் பேரைத் தீர்த்துக்கட்டுகிறான், மறுபடி பிடிபடுகிறான். இரண்டாவது தடவை தப்பித்த பிறகு செத்த ஒவ்வொருவரையும் பேட்மேன் கணக்கில்தானே எழுத வேண்டும்?

கேட்க வந்தது இவ்வளவு. இந்த 'கொல்ல மாட்டேன்' விதி ஆரம்பத்திலிருந்தே உண்டா, நடுவில் செருகியதா? நாயகன் நிஜமாகவே கையால் கொன்ற கதைகளில் எது தேறியது, எது சொதப்பியது, ஏன்? ஆறு இதழ், இதழுக்கு 22 பக்கம் என்று ஒரு தொடர் எழுதினால் அந்தக் கொலையை எங்கே வைப்பது?

'ஹீரோன்னா கொல்லக் கூடாது, அவ்வளவுதான்' வகைப் பதில்கள் வேண்டாம். இதழ் எண்ணோடு வாருங்கள்.

பழுப்புத்தாள்:

முதல் கேள்விக்கு மட்டும் நான். ஆரம்பத்தில் விதி கிடையாது.

டிடெக்டிவ் காமிக்ஸ் 27, 1939 மே. பேட்மேன் வந்த முதல் கதை, மொத்தமே ஆறு பக்கம். கடைசிப் பக்கத்தில் திமிறிக்கொண்டு வரும் ஸ்ட்ரைக்கருக்கு ஒரு குத்து. கைப்பிடிக் கம்பி முறிந்து ஆள் அமிலத் தொட்டிக்குள் போய்விடுகிறான். பேட்மேனுக்கு ஒரு பதற்றமும் இல்லை. இந்த ஜாதி ஆட்களுக்கு இதுதான் சரியான முடிவு என்கிற தோரணையில் ஒரு வசனம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். அதே வருஷம் 32-ஆம் இதழில் சவப்பெட்டியில் தூங்கும் ரத்தக் காட்டேரிகளை வெள்ளிக் குண்டால் சுடுகிறார். 1940 வசந்தத்தில் வந்த 'பேட்மேன்' முதல் இதழில் விமானத்தில் பொருத்திய இயந்திரத் துப்பாக்கியால் லாரியைச் சுடும் காட்சி. உயிரை எடுக்க மனசில்லை, ஆனால் இப்போது வேறு வழியில்லை என்று ஒரு வரி சேர்த்திருப்பார்கள்.

அங்கேதான் எடிட்டர் விட்னி எல்ஸ்வொர்த் குறுக்கே வந்தார். ஏப்ரலில் ராபின் வந்தாயிற்று, படிக்கிற பையன்களுக்குப் பக்கத்தில் நிற்க ஒரு பையன் கிடைத்தாயிற்று. இனி துப்பாக்கி வேண்டாம், கொலை வேண்டாம். அதே வருஷக் கடைசியில் வந்த 4-ஆம் இதழில், எந்த ஆயுதத்தாலும் நாம் கொல்வதில்லை என்று பேட்மேனே ராபினுக்கு ஞாபகப்படுத்துகிறார். ஆக, பெற்றோர் செத்த சந்தில் பிறந்த சத்தியம் என்பதெல்லாம் பின்னால் பூசிய வர்ணம்.

இதைவிட சுவாரஸ்யமான ஒரு கட்டம் அந்த முதல் இதழிலேயே இருக்கிறது. ஜோக்கருக்கு அதில் இரண்டு கதை. இரண்டாவது கதையின் முடிவில் அவன் கத்தியே அவன் நெஞ்சில் பாய்ந்து சாவதாகத்தான் எழுதி, வரைந்தும் முடித்திருந்தார்கள். இப்படி ஒரு வில்லனை ஒரே இதழில் வீணாக்குவதா என்று எல்ஸ்வொர்த் சொல்ல, கடைசியில் ஒரு கட்டம் ஒட்டினார்கள்: ஆம்புலன்ஸ், உள்ளே ஒரு டாக்டர், ஆள் உயிரோடு இருக்கிறான், பிழைத்துவிடுவான் என்கிறார். ஜோக்கரின் எண்பது வருஷ ஆயுளும் அந்த ஒரு கட்டத்தில் தொங்குகிறது. கொல்லாமை விதியும் ஜோக்கரின் ஆயுளும் ஒரே மேசையிலிருந்து, ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்தவை என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்த திருப்பம் 1954. காமிக்ஸ் கோட் என்ற சுயதணிக்கை விதிகள் வந்த பிறகு ஜோக்கர் விளையாட்டுத் திருடன் ஆகிவிட்டான்: விசித்திர வண்டி, புதிர்க் கொள்ளை, கடைசியில் ஜெயில். அப்படிப்பட்டவனைக் கொல்லாமல் விட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? அவனை மறுபடி கொலைகாரன் ஆக்கியது 1973-இல் வந்த பேட்மேன் 251. 1988-இல் போலீஸ் கமிஷனர் கார்டனின் மகள் பார்பராவைச் சுட்டு முடமாக்குகிறான், அதே வருஷம் இரண்டாவது ராபின் ஜேசன் டாடைக் கொல்கிறான். சில்லறைத் திருடனுக்குத் தைத்த விதியை வெகுஜனக் கொலைகாரனுக்கு மாட்டிவிட்டால் தையல் பிரியத்தான் செய்யும். பழி விதியின் மேல் இல்லை. வில்லனின் பிணக் கணக்கை ஏற்றிக்கொண்டே போன கதாசிரியர்கள் மேல்.

ஜேசன் செத்ததும் வாசகர் ஓட்டில்தான். ஒரு அழைப்புக்கு 50 சென்ட், சாகட்டும் 5,343, வாழட்டும் 5,271. வெறும் 72 ஓட்டு.

வக்கீல் வண்டு:

ஒரு விஷயத்தை எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள். ஜோக்கரைக் கொல்லாதது பேட்மேனின் குற்றம் என்றால், அரசு வழக்கறிஞரும் ஜூரியும் இத்தனை வருஷம் என்ன செய்தார்கள்?

அவனை ஆர்க்கமுக்கு அனுப்புவதே சட்டப்படி நிற்காது. மனநிலை சரியில்லை என்று தப்பிக்க அமெரிக்காவின் பல மாநிலங்கள் பார்ப்பது 1843-இல் இங்கிலாந்தில் வந்த மெக்நாட்டன் அளவுகோல். செய்கிற காரியம் இன்னதென்று தெரியாமல் செய்தானா, அல்லது அது தப்பு என்று தெரியாமல் செய்தானா? இவ்வளவுதான் கேள்வி. ஜோக்கர் நேரம் குறித்து அறிவிக்கிறான், தனக்கு மட்டும் விஷமுறிவு வைத்துக்கொள்கிறான், போலீஸ் வருமுன் ஓட வழி பார்த்து வைக்கிறான். தப்பு என்று தெரிந்ததால்தானே ரசித்துச் செய்கிறான்? விசித்திரமாகச் சிரிப்பது இந்த அளவுகோலில் செல்லாது. ஆர்க்கம் என்பது கதாசிரியர்கள் கட்டிய வாடகை வீடு. கதவில் பூட்டு வைக்காமலே கட்டினார்கள்.

சரி, தண்டனை கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். பேட்மேனை வெளியிடும் டிசி நிறுவனத்தின் சில பிரசுரங்கள் அவர் ஊரான கோத்தமை நியூஜெர்சியில் வைக்கின்றன. அந்த மாநிலத்தில் கடைசி மரண தண்டனை நிறைவேறியது 1963-இல். 2007 டிசம்பரில் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். புத்தி பேதலித்தவனுக்கு மரண தண்டனையை நிறைவேற்றக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1986-லேயே சொல்லிவிட்டது. இப்போது முகமூடி போட்ட ஒரு தனியாளிடம் 'நீ முடித்துவிடு' என்று சொல்வதன் அர்த்தம் என்ன? அரசே செய்யாததை ராத்திரியில் செய் என்பதுதானே.

இன்னொன்று. கொலை எப்போது சட்டப்படி செல்லும்? அடுத்தவர் உயிருக்கு அந்த நிமிஷத்தில் ஆபத்து இருந்து, அதைத் தடுக்க வேறு வழி இல்லாதபோது. ஜோக்கர் பொத்தானில் கை வைத்திருக்கும்போது சுட்டால் தற்காப்பு வாதம் எடுபடும். கைவிலங்கு மாட்டிய பிறகு சுட்டால் கொலைதான், அவன் முந்தின நாள் முந்நூறு பேரைக் கொன்றிருந்தாலும். இந்த இரண்டு நிமிஷ இடைவெளியைப் பிரித்துப் பார்க்காமல் நடக்கிற வாக்குவாதம் எல்லாம் வெட்டி.

கூடவே ஒரு சிக்கல்: கமிஷனர் கார்டன் மொட்டைமாடி விளக்கைப் போட்டு ஆளை வரவழைக்கிறார். சும்மா போகிற தனியாள் எடுத்துக் கொடுத்த சாட்சியத்தை நீதிமன்றம் சகித்துக்கொள்ளும். போலீஸ் அழைத்து வந்தவர் என்றால் அவர் போலீஸின் கை மாதிரி. அவர் ஜன்னலை உடைத்து எடுத்த ஆதாரம் அடிபட்டுப் போகலாம். அவர் கொன்றால் நகரமே நஷ்ட ஈட்டு வழக்கில் நிற்கும். அந்த விளக்குக்கு மின்சாரக் கட்டணம் மட்டும் செலவில்லை.

1996-இல் வந்த ஒரு ஜோக்கர் கதையை இந்த இழையில் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நஞ்சு தடவிய தபால்தலைகளால் சாவுகள். ஜோக்கருக்கு மரண தண்டனை தீர்ப்பாகிவிடுகிறது. அந்த ஒரு குற்றத்தை மட்டும் அவன் செய்யவில்லை. அதை நிரூபித்து அவனை நாற்காலியிலிருந்து இறக்குவது பேட்மேன். கொல்லாமையை இவ்வளவு கசப்பாகச் சோதித்த கதை வேறில்லை என்பேன்.

நாலாம்பக்கம்:

மீதி இரண்டு கேள்விக்கும் சேர்த்து. நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாயகன் கொல்வது தப்பா சரியா என்று கதை தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை. கொன்றதற்கான ரசீதை அவர் கையில் கொடுக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஃப்ளாஷ் 324, 1983. ஃப்ளாஷான பாரி ஆலனின் மனைவியைக் கொன்ற ரிவர்ஸ் ஃப்ளாஷ், இப்போது பாரியின் மறுகல்யாண நாளன்று அடுத்த பெண்ணையும் கொல்லப் பாய்கிறான். பாரி பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்து நிறுத்துகிறார், கழுத்து முறிகிறது. நாம் கேட்ட அந்த நிமிஷ ஆபத்து, சாட்சிகள், எல்லாம் உண்டு. ஆரம்பம் பிரமாதம். அதற்குப் பிறகு 1985-இல் 350-ஆம் இதழ் வரை இழுத்தார்கள், இரண்டு வருஷத்துக்கு மேல். நடுவில் அவர் முகம் சிதைந்து கொரில்லா நகரத்து விஞ்ஞானிகள் புது முகம் வைத்துவிடுகிறார்கள் (வேண்டுதலா என்ன?). ஜூரியின் தீர்ப்பிலும் மனசை வசியம் செய்யும் சமாச்சாரம் நுழைந்துவிடுகிறது. கொலைக்கு நியாயமா என்ற கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் சொல்ல வேண்டிய ஜூரியின் புத்தியைக் கதாசிரியரே பறித்துவிட்டார். தொடரும் அதோடு நின்றது.

சூப்பர்மேன் 22, 1988, ஜான் பைர்ன். ஒரு மாற்று உலகத்தில் உள்ள மக்களையெல்லாம் அழித்த மூன்று கிரிப்டான்காரர்கள். பொன் கிரிப்டோனைட்டால் அவர்கள் சக்தியை ஏற்கெனவே பறித்தாயிற்று. நிற்க முடியாமல் மிரட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு மேல் பச்சைக் கிரிப்டோனைட்டைத் திறந்து மூவரையும் சாகடிக்கிறார். வக்கீல் வண்டு சொன்ன அளவுகோலில் இது தற்காப்பே இல்லை. சக்தி போனவர்களுக்குக் கொடுத்த மரண தண்டனை. ஆனால் பைர்ன் விலகியபின் வந்தவர்கள் ரசீதைக் கிழித்துப் போடவில்லை. சூப்பர்மேன் தன்னையறியாமல் ராத்திரியில் வேறொரு முகமூடிக்காரனாக அலைகிறார், தன்னால் மற்றவர்களுக்கு ஆபத்து என்று தெரிந்ததும் பூமியை விட்டே போகிறார். கொலை பலவீனம், பின்விளைவு உறுதி. ஃப்ளாஷுக்கு அப்படியே தலைகீழ்.

வொண்டர் வுமன் 219, 2005. இதுதான் கட்டுமானத்தில் கச்சிதம். மேக்ஸ்வெல் லார்ட் சூப்பர்மேனின் மூளையைப் பிடித்து வைத்திருக்கிறான். அவனை உண்மைக் கயிற்றில் கட்டி, விடுவிக்க என்ன வழி என்று வொண்டர் வுமன் டயானா கேட்கிறார். கயிற்றில் இருப்பவன் பொய் சொல்ல முடியாது. என்னைக் கொல் என்கிறான். அடுத்து கழுத்து. மற்ற எல்லா வழியும் அடைபட்டது என்பதை வாசகனுக்கு நிரூபிக்க ஒரே ஒரு கேள்வி போதுமாயிற்று. பத்துப் பக்க விளக்கம் தேவைப்படவில்லை. பிறகு ரசீது: கழுத்தை முறிக்கிற துண்டை மட்டும் உலகம் முழுக்க ஒளிபரப்புகிறார்கள், கேள்வியும் பதிலும் இல்லாமல். சூப்பர்மேனும் பேட்மேனும் முகம் திருப்பிக்கொள்கிறார்கள்.

சொதப்பல் என்றால் பேட்மேன் 429. ஜேசனைக் கொன்ற ஜோக்கரை பேட்மேன் நெருங்கக் கூடாது, வாசகனுக்கோ இரத்தம் கொதிக்கிறது. கதாசிரியர் என்ன செய்தார்? ஜோக்கரை ஐ.நா.வுக்கு ஈரான் தூதராக்கி, ராஜதந்திரப் பாதுகாப்பு கொடுத்து, தடுப்பதற்கு சூப்பர்மேனையும் நிறுத்தினார். ஒரு விதியைக் காப்பாற்ற வெளியுறவுத் துறையே தேவைப்பட்டால் அந்த விதிக்கு எங்கேயோ முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். கடைசியில் ஹெலிகாப்டர் விழுகிறது, ஜோக்கரின் உடல் கிடைக்கவில்லை. வேறென்ன.

இப்போது உங்கள் 132 பக்கம்.

கொலையை ஆறாம் இதழில் வைக்காதீர்கள். நாலாவது இதழின் கடைசியில் வையுங்கள். அப்போது 88 பக்கம் முடிந்து 44 மிச்சம், அதாவது மூன்றில் ஒரு பங்கு விளைவுக்கு. க்ளைமாக்ஸில் கொன்றுவிட்டு இரண்டு பக்கத்தில் மழையில் நிற்க வைத்தால் அது தண்டனை இல்லை, போஸ்.

முதல் இதழில் நாயகனின் மாற்றுவழி வேலை செய்வதைக் காட்டுங்கள். சிறையோ கருவியோ, அது ஒரு சின்ன வில்லனிடம் ஜெயிக்க வேண்டும். இரண்டாவதில் அது பெரிய வில்லனிடம் தோற்க வேண்டும், அவன் புத்திசாலித்தனத்தால். காவலாளி தூங்கிவிட்டான் என்றால் வாசகன் காவலாளி மேல்தான் கோபப்படுவான். மூன்றாவதில் கொல்ல வாய்ப்பு வருகிறது, நாயகன் மறுக்கிறார், அதனால் ஒருவர் சாகிறார். ஒரே ஒருவர், பெயர், வேலை, முந்தைய இதழ்களில் குறைந்தது நாலு பக்கம் உள்ளவர். 'இருநூறு பேர் பலி' என்று செய்தித்தாள் கட்டம் போட்டால் ஒரு கண்ணீர்கூட வராது.

நாலாம் இதழில் 20-ஆம் பக்கம் கொலை. அமெரிக்க அமைப்பில் முதல் பக்கம் வலப்புறம் வரும், ஆக இரட்டை எண் எல்லாம் இடப்புறம், தாளைப் புரட்டினால்தான் தெரியும். 19-இன் கடைசிக் கட்டத்தில் கை மட்டும். புரட்டினால் முடிந்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் மூன்று கட்டத்துக்கு மேல் வேண்டாம், கொல்கிற கட்டத்தில் வசன பலூனே வேண்டாம், நாயகன் தத்துவம் பேசினால் செத்தவனைவிட அவர்மேல்தான் எரிச்சல் வரும். 21 மௌனம். 22-இல் பார்த்துவிட்ட ஒருவரின் முகம். கவனம், நடுவில் விளம்பரப் பக்கம் செருகினால் இந்த இரட்டை எண் கணக்கு குலையும். அச்சுக்குப் போகுமுன் பக்க வரிசையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மொபைலில் மட்டும் வருவதென்றால் புரட்டல் கணக்கே வேண்டாம், கையும் கழுத்தும் ஒரே திரையில் விழாதபடி இடைவெளி விட்டால் போதும்.

செய்யவே கூடாதது: வில்லன் தன் ஆயுதத்தாலேயே தானே செத்துப் போவது. ஸ்பைடர்மேன் 122-இல் க்ரீன் காப்ளினின் பறக்கும் வண்டி அவனையே குத்தியது 1973-இல் புதுசு. அதற்குப் பிறகு எத்தனை பேர்! நாயகன் கை சுத்தம், வில்லனும் ஒழிந்தான், பில் வரவில்லை. ஓசிச் சாப்பாடு.

முறிந்த பூமராங்:

எல்லாரும் 'கொல்லாத பேட்மேன்' என்று ஒருவன் இருப்பதாக நம்பியே பேசுகிறீர்கள். படத்தில் மட்டும்தான் அவன் கொல்வதில்லை. தலையில் அடிபட்டு அஞ்சு நிமிஷம் நினைவில்லாமல் கிடக்கிறவன் எழுந்து நெற்றியைத் தடவிக்கொண்டு போக மாட்டான். அது மூளைக்காயம், உடனே ஸ்கேன் எடுக்க வேண்டிய கேஸ். ஒரு ராத்திரிக்கு இருபது பேரை இப்படிப் படுக்க வைத்தால் அதில் சிலர் காலையில் இருக்க மாட்டார்கள்.

காப்பாற்றுவதே கொல்லும். ஸ்பைடர்மேன் 121, 1973 ஜூன். பாலத்திலிருந்து விழும் காதலி க்வென் ஸ்டேசியின் காலை ஸ்பைடர்மேனின் வலை பிடிக்கிறது, கழுத்துப் பக்கத்தில் குட்டியாக 'ஸ்னாப்' என்று ஓர் எழுத்து. கணக்கு போடுங்கள். 90 மீட்டர் விழுந்தால் வேகம் விநாடிக்கு 42 மீட்டர், அதாவது மணிக்கு 150 கிலோமீட்டர். அரை விநாடியில் நிறுத்தினால் புவியீர்ப்பைப் போல எட்டரை மடங்கு. பத்தில் ஒரு விநாடியில் நிறுத்தினால் 43 மடங்கு, காலைப் பிடித்துத் தலைகீழாக. மூன்று மடங்குக்குள் அடக்க வேண்டுமென்றால் நிறுத்தவே 30 மீட்டர் தூரம் வேண்டும். கூடவே குதித்து, பிடித்து, ஊஞ்சல் மாதிரி வளைந்துதான் வேகத்தைக் கரைக்க முடியும். 125-ஆம் இதழ் கடிதப் பக்கத்தில் அவர்களே ஒப்புக்கொண்டார்கள், சட்டென்று நின்றதுதான் கழுத்தை முறித்தது என்று.

இன்னும் கேட்டால் பேட்மேன் 650, 2006. உயிரோடு திரும்பி வந்த ஜேசன் ஜோக்கரைப் பிடித்து வைத்துக்கொண்டு கேட்கிறான்: பெங்குவின், டெண்ட் மாதிரி மற்ற வில்லன்களைக் கொல்ல வேண்டாம், இவனை மட்டும், என்னை உன்னிடமிருந்து பறித்ததற்காக. பேட்மேன் என்ன செய்கிறான்? ஜோக்கரைக் காப்பாற்ற ஜேசனின் கழுத்தில் பேட்டராங் என்ற வீசுகருவியை எறிகிறான். கழுத்தில்! ஒரு தடவை அந்தப் பள்ளத்தில் இறங்கினால் திரும்பி வர மாட்டேன் என்று அவன் சொல்கிற காரணம் நேர்மையானது, ஒப்புக்கொள்கிறேன். கை எங்கே குறி வைத்தது என்றுதான் கேட்கிறேன்.

அதற்காகக் கொல்கிறவன் கதை உசத்தி என்று சொல்ல வரவில்லை. பனிஷரைப் பாருங்கள். 1974 பிப்ரவரியில் ஸ்பைடர்மேன் 129-இல் எதிராளியாக வந்தவர். சந்திக்கிறவனையெல்லாம் சுட்டுவிடுவதால் அவருக்கென்று நிலைத்த வில்லன் என்றால் ஜிக்சாவைத் தாண்டி யோசிக்க வேண்டியிருக்கிறது. மாசாமாசம் புது எதிரி தேட வேண்டிய கஷ்டம் எழுதுகிறவருக்கு.

மசிப்புட்டி:

அருமை, எல்லாருக்கும் நன்றி. நாலாம்பக்கம் சார், மூன்றாம் இதழில் சாகிற அந்த ஒருவர் நாயகனின் காதலியாக இருந்தால் சரிவருமா?

இன்னொன்று, இதெல்லாம் அமெரிக்கச் சிக்கல் இல்லையா? நம்ம பக்கத்தில் வதம்தானே முடிவு? லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் கதைக்குக் கதை சுட்டுத் தள்ளுகிறார், யாரும் இழை திறப்பதில்லையே.

பழுப்புத்தாள்:

டெக்ஸ் ரேஞ்சர், சட்டம் அவர் சட்டைப் பையில். முகமூடியும் இல்லை. அப்படியும் அவருடைய பரம எதிரி மெஃபிஸ்டோ திரும்பத் திரும்ப வரத்தான் செய்கிறான். ராணி காமிக்ஸ் மாயாவியை எடுத்துக்கொள்ளுங்கள்: இடுப்பில் இரண்டு துப்பாக்கி, சுடுவது பெரும்பாலும் எதிரி கையிலிருக்கும் துப்பாக்கியை, தாடையில் ஒரு மண்டையோட்டு முத்திரை. 1936-லேயே லீ ஃபாக் கண்டுபிடித்த வழி அது. கொல்லாமல் விட்டவன் வாழ்நாள் முழுக்க அடையாளத்தோடு திரிய வேண்டும். ஆர்க்கமைவிட உருப்படியான ஏற்பாடு.

வதம் என்று பொதுவாகச் சொல்லிவிடவும் முடியாது. சூரபத்மன் மாமரமாக நின்று, வேல் பிளந்த பிறகு மயிலும் சேவலுமாகி முருகனோடேயே இருக்கிறான். எழுபதுகளில் ஒரு அமெரிக்க எடிட்டர் இதைக் கேட்டிருந்தால் தொடருக்கு நல்ல வில்லன் என்று ஆம்புலன்ஸ் கட்டம் ஒட்டியிருப்பார்.

நாலாம்பக்கம்:

காதலி வேண்டாம். அவர் செத்தால் நாலாம் இதழ்க் கொலை பழிவாங்கலாகிவிடும், உங்கள் கேள்வியே மாறிவிடும். ஃப்ளாஷ் 324 எடுபட்டதே, காப்பாற்றப்பட வேண்டியவர் அப்போது உயிரோடு நின்றதால். சாகிறவர் நாயகனுக்கு அவ்வளவு நெருக்கமில்லாத, வாசகனுக்குப் பிடித்துப்போன ஆளாக இருக்கட்டும்: வாட்ச்மேன், பஸ் கண்டக்டர், முதல் இதழில் அந்தக் கருவியைப் பழுது பார்த்தவர். கடைசியில் சொன்னவர் என்றால் இன்னும் நல்லது. ஐந்தாம் இதழில் அவர் வேலை பார்த்த மேசையில் கருவி பாதி பிரித்தபடி கிடக்கும், மூட ஆளிருக்காது. அதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள்.